‘எப்படிக் கண்டாய்?’ என்று கேளுங்கள்

(திருவண்ணாமலையில் பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



அண்ணாமலை அடிவாரத்தில் நின்றுகொண்டு பிரஞ்சுக்காரன் வகுப்பறையைப் பற்றிப் பேசுகின்றானே என்று நீங்கள் வியக்கலாம். அவன் தன் பிள்ளைக்குச் செய்துகொள்ளும் நன்மையை நாம் நம் பிள்ளைக்குச் செய்யாதிருக்கின்றோமே என்னும் நோவே என்னைப் பேச வைக்கின்றது.

பிரஞ்சு நாட்டில் போர்தோ நகரை அடுத்த தலான்சு என்னும் ஊரில், கி புரூசோ என்பார் ஒரு தொடக்கப்பள்ளியையே ஆய்வுக்களமாகக் கொண்டு பல்லாண்டு உழைத்தார். கணக்குக் கல்விக்கான பெலிக்சு கிளைன் பதக்கம் முதன்முதலாக, 2003-ஆம் ஆண்டுக்கு, அவருக்கே வழங்கப்பெற்றது. அவர் பிள்ளைகளுக்குக் கொடுத்த ஆட்டம் ஒன்றைச் சொல்கின்றேன். முதற்பிள்ளை 1 அல்லது 2 என்று சொல்ல வேண்டும். மற்றவன் அதனோடு 1 அல்லது 2 கூட்டிச் சொல்ல வேண்டும். இப்படி மாறி மாறிக் கூட்டிச் சென்று, 20 என்று முதலில் சொல்பவனே வென்றவன். முதலில் இருவர் இருவராக ஆடுவர்; பின்னர் அணி அணியாக ஆடுவர். அதன்பின்புதான் உண்மையான கல்வி தொடங்குகின்றது. ‘17 சொன்னவன் தோற்கமாட்டான்’ என்று ஒரு பிள்ளை சொன்னால், அதற்குக் கரணியம் காட்டி மற்றப் பிள்ளைகளை ஒப்பவைக்க வேண்டும். அல்லது அவர்கள் மறுத்துக் காட்ட வேண்டும். ஆசிரியர் விடையை எடுத்துத் தந்துவிடுவதில்லை. 17-இலிருந்து 14, 11, 8, 5, 2 எனப் பிள்ளைகளே பின்னோக்கி நடந்து வழி காண்கின்றனர். இவ்வளவு வழக்காடலும் எம்மொழியில்? தாய் சோறூட்டிய மொழியில்!

இங்கிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டரில் புதுவை. அங்கே 1826-இல் தொடங்கிய பிரஞ்சுப் பள்ளி இன்றும் நடக்கின்றது. அங்குப் போகும் தமிழ்ப்பிள்ளை 99 என்பதை எப்படிச் சொல்ல வேண்டும், தெரியுமா? ‘நான்கு இருபது, பத்து, ஒன்பது’! எழுபதோ ‘அறுபது பத்து’. நமக்கு ஏழு பத்து எழுபது. சொல்லிலேயே கணக்கு விளங்கும். (தொண்ணூற்றில் நாமும் சற்றே இடறுகின்றோம், ஒன்பது பத்துக்கு நூற்றின் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது.) பிரஞ்சுப் பிள்ளைக்கு அந்த முடிச்சு தாய்மடியிலேயே அவிழ்ந்துவிடும். தமிழ்ப்பிள்ளையோ மொழியையும் கணக்கையும் ஒருங்கே சுமக்க வேண்டும்.

நம் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை உரக்க ஓதி, 320-இல் ஒரு பங்காகிய முந்திரி வரை வாயாலேயே கணக்கிட்டனர். அதனை நான் முழுதும் புகழமாட்டேன். ஒப்பித்தல் வேறு, ஓர்தல் வேறு. ‘ஏன்?’ என்ற பிள்ளைக்குப் பிரம்பு விடை சொன்னதும் உண்டு. ஆயினும் அங்கே மொழி குறுக்கே நிற்கவில்லை. இன்று ஆங்கிலப் பள்ளிக்குப் பணம் கட்டி அந்தத் தடையை நாமே விலைக்கு வாங்குகின்றோம்.

எங்கள் தெருவில் பூத்தொடுத்து விற்கும் தாய் ஒருத்தி. அவள் மகளுக்கு வயது ஏழு. நான்கு முழம், முழம் முப்பது உருபா. இருநூறு கொடுத்தால் மீதி எண்பதை எண்ணிக் கையில் வைப்பாள். அவள் பள்ளியிலிருந்து ‘கணக்கு வராது’ என்று ஆங்கிலத்தில் எழுதி வந்தது. தாய் அதனை என்னிடம் படிக்கக் கொடுத்தாள். படித்துச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

அன்று மாலை அச்சிறுமியோடு இருபது ஆட்டம் ஆடினேன். மூன்று முறை தோற்றாள். நான்காம் முறை நான் 17 என்றதும் வாய்திறவாது விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: “தாத்தா, இது ஏமாத்து. நான் ஒண்ணு போட்டாலும் ரெண்டு போட்டாலும் நீங்கதான் இருபது சொல்லுவீங்க!”

“எப்படிக் கண்டாய்?” என்றேன். விரல் மடக்கி விளக்கினாள். தலான்சுப் பிள்ளைகள் விளக்கியதும் அதுவே. 14-ஐ அவள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. நாளை மாலை வருவதாகச் சொல்லிச் சென்றிருக்கின்றாள்.