மார்கழிக் குளிருக்கு ஹீட்டர் வாங்கலாமா?

(அலங்காநல்லூரில் மகளிர் சுயஉதவிக் குழுவினரிடம் பேசியதன் எழுத்து வடிவம்)



மார்கழி வந்தாச்சு. தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ள உறைஞ்சு நிக்குது, இட்லி மாவு காலையில பொங்கலை, அப்பத்தா ராத்திரி முழுக்க இருமுறாங்க. இந்த நேரத்துல போனைத் திறந்தா ரூம் ஹீட்டர் விளம்பரமா வருது. "ஆயிரம் ரூபாய்தானே, ஒண்ணு வாங்கிடலாமா?"ன்னு நிறைய பேர் கேக்குறாங்க. அதுக்கான பதிலைத்தான் இன்னிக்குப் பேசப் போறேன். சுருக்கமா முதலிலேயே சொல்லிடறேன்: நம்ம ஊருக்கு அறையைச் சூடாக்க வேண்டாம், ஆளைச் சூடாக்கினா போதும்.

முதல்ல, குளிர் எவ்வளவு இருக்குன்னு பார்ப்போம். மதுரைப் பகுதியில் ஜனவரி மாத இரவுகளில் குறைந்தபட்ச வெப்பநிலை பொதுவாக 20 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும். அதுவும் வெட்டவெளியில். பகலெல்லாம் வெயில் வாங்கின கான்கிரீட் வீட்டுக்குள்ள அதைவிட ஒண்ணு ரெண்டு டிகிரி கூடவே இருக்கும். குளிர் நாடுகளில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. நம்ம வீடுகள் பெரும்பாலும் அதுக்கு மேலதான் இருக்கு. தேங்காய் எண்ணெய் உறையுறதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது 24 டிகிரிக்குக் கீழ போனாலே உறைஞ்சிடும். இன்னிக்கு ராத்திரி எவ்வளவு இறங்கும்னு தெரியணும்னா இந்திய வானிலை ஆய்வுத் துறையின் 'மௌசம்' செயலியில் பார்க்கலாம்.

அப்போ ஏன் இவ்வளவு குளிருது? "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்"னு நம்ம பெரியவங்க சொல்லி வச்சிருக்காங்க. குளிர் நம்மகிட்ட வர்ற ரெண்டு வழியுமே அதுல இருக்கு. ஒண்ணு தரை. சிமெண்ட் தரையிலும் டைல்ஸிலும் வெறும் பாய் விரிச்சுப் படுத்தா, உடம்புச் சூட்டைத் தரை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். இன்னொண்ணு கூரை. மேகம் இல்லாத ராத்திரியில் கூரையின் சூடு வானத்துக்குப் போயிடும். தகரக் கூரையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் சீக்கிரமே சில்லிட்டுப் போறது இதனாலதான்.

இந்த ரெண்டு வழியையும் அடைக்கிறதுக்குப் பெரிய செலவு ஆகாது. பாய்க்கு அடியில் ரெண்டு சுத்தமான சாக்கு, அல்லது ஒரு பழைய ஜமுக்காளம் போடுங்க. மேல போர்த்த தடிமனா ஒரு கம்பளி வேணும்கிறது இல்லை. மெல்லிய போர்வை ரெண்டைச் சேர்த்துப் போர்த்தினா, நடுவுல நிக்கிற காத்தே சூட்டைப் பிடிச்சு வைக்கும். போர்வையை மத்தியானம் வெயிலில் காயவிட்டு, வெயில் இறங்கும் முன்னாடி மடிச்சு உள்ள எடுத்துடுங்க. ராத்திரி பனியில் கிடந்த போர்வை ஈரம் வாங்கிடும், அது சூடு தராது. தகரக் கூரை வீடுன்னா, கட்டிலுக்கு மேல பழைய சேலையை விதானம் மாதிரி கட்டினாலும் வித்தியாசம் தெரியும். புதுசா வாங்குறதா இருந்தா கோ-ஆப்டெக்ஸில் சென்னிமலைப் போர்வை, பவானி ஜமுக்காளம் கிடைக்கும். பண்டிகைத் தள்ளுபடி இருக்கும்போது வாங்குங்க.

இனி ஹீட்டர் கணக்குக்கு வருவோம். 2,000 வாட் ரூம் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினா 2 யூனிட். ராத்திரிக்கு 4 மணி நேரம்னா 8 யூனிட். 30 ராத்திரிக்கு 240 யூனிட். வழக்கமா ரெண்டு மாசத்துக்கு 300 யூனிட் ஓடுற வீடு அதோட 540-க்குப் போயிடும். இங்கதான் பலபேர் கவனிக்காத விஷயம் ஒண்ணு இருக்கு. 500 யூனிட்டைத் தாண்டினா, தாண்டின 40 யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுறதில்லை. அதுக்குக் கீழ இருக்கிற யூனிட்டுக்குக் கிடைச்ச சலுகையும் போயிடும். ஹீட்டரின் விலை ஆயிரம்தான், பில்லில் வர்றது வேற கணக்கு. வாங்குறதுக்கு முன்னாடி, மின் பகிர்மானக் கழகத்தின் இணையதளத்தில் இருக்கிற மின் கட்டணக் கணக்கீட்டில் உங்க போன பில் யூனிட்டோட 240-ஐக் கூட்டிப் போட்டுப் பாருங்க.

இன்னொண்ணு, 2,000 வாட் ஹீட்டர் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். சுவரில் இருக்கிற சின்ன பிளக் பாயிண்ட் 6 ஆம்பியருக்கானது. அதிலோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ சொருகினா வயர் உருகித் தீப்பிடிக்கும்.

சரி, மின்சாரத்தாலதான் சூடு வேணும்னு சிலருக்கு இருக்கும். வயசானவங்க, உடம்புக்கு முடியாதவங்க வீட்டில் இது நியாயமான தேவை. அவங்களுக்கு மின் போர்வை இருக்கு. 80 வாட் மின் போர்வை ராத்திரிக்கு 8 மணி நேரம் ஓடினாலும் 30 ராத்திரிக்கு 20 யூனிட்கூட வராது. 240 எங்கே, 20 எங்கே! ஐ.எஸ்.ஐ. முத்திரையும் தானா அணையும் வசதியும் இருக்கான்னு பார்த்து வாங்குங்க. படுக்கையை நனைக்கிற வாய்ப்பு இருக்கிறவங்களுக்கும் குழந்தைகளுக்கும் இது வேண்டாம். ஏற்கனவே வீட்டில் குளிர், சூடு ரெண்டும் தர்ற ஏசி இருந்தா, ரூம் ஹீட்டரைவிட அது மேல். அது வெளிக்காத்துல இருக்கிற சூட்டை உள்ள இழுக்குது. அதனால அதே சூட்டுக்கு ஹீட்டருக்கு ஆகிற மின்சாரத்தில் மூணில் ஒரு பங்கு அளவே செலவாகும்.

வெந்நீர்ப் பை ரொம்ப மலிவு. ஆனா கொதிக்கிற தண்ணியை ஊத்தாதீங்க, துணி சுத்தாம வைக்காதீங்க. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போனவங்க கால்கிட்ட வைக்கவே கூடாது. சுடுறது அவங்களுக்குத் தெரியாது, காலையில் பார்த்தா கொப்புளமா இருக்கும். அவங்களுக்கு ஒரு ஜோடி சாக்ஸ் போதும்.

குளிக்க வெந்நீர் பத்தியும் ஒரு வார்த்தை. 20 லிட்டர் வாளித் தண்ணியை 24 டிகிரியிலிருந்து 40-க்குக் கொண்டுவர அரை யூனிட்கூட ஆகாது. 1,500 வாட் ஹீட்டர் ராடு கால் மணி நேரத்தில் முடிச்சிடும். மலிவுதான், ஆனா சுவிட்சை அணைச்சு பிளக்கையும் பிடுங்காம தண்ணியில் விரல் வைச்சுப் பார்க்காதீங்க. மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கான்னு எலக்ட்ரீஷியன்கிட்ட ஒருதரம் பார்க்கச் சொல்லுங்க. கசிவு மின்சாரம் இருந்தா அது உடனே துண்டிச்சிடும்.

இப்போ சொல்லப் போறதுதான் இன்னிக்கு முக்கியமான விஷயம். பணம் மிச்சம்னு நினைச்சு சில வீடுகளில் கணப்புச் சட்டியை, கரி அடுப்பை அறைக்குள்ள வச்சுக் கதவைச் சாத்திடறாங்க. கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வாயு வருது. அதுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலிக்கும், மயக்கமா வரும், தூக்கம்னு நினைச்சுப் படுப்போம். எழுந்திருக்க மாட்டோம். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் பார்பிக்யூ அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கிய இளைஞர்கள் இரண்டு பேர் இப்படித்தான் இறந்து போனார்கள். புகை வரலை, தணல் மட்டும்தானேன்னு நினைக்கக் கூடாது. தணலிலும் அந்த வாயு வரும். காத்தோட்டம் இல்லாத குளியலறையில் கேஸ் கீசர் வைக்கிறதிலும் இதே ஆபத்துதான்.

நம்ம ஊருக்கு இன்னொரு காரணத்துக்காகவும் இதைச் சொல்லணும். தை 3-ஆம் நாள் ஜல்லிக்கட்டு. முந்தின ராத்திரியே காளையோட வந்து வரிசையில் நிக்கிறவங்க பனிக்குத் தீ மூட்டுவாங்க. வெட்டவெளியில் மூட்டுறது சரி. அந்தத் தணலைச் சட்டியில் அள்ளி வேனுக்குள்ள வச்சு, கண்ணாடியை ஏத்திவிட்டுத் தூங்காதீங்க. உங்க அண்ணன் தம்பிகளுக்கு இதைக் கண்டிப்பா சொல்லி அனுப்புங்க. விருந்தாளிகள் நிறைய பேர் ஒரே அறையில் படுத்தாலும் ஒரு ஜன்னலைக் கொஞ்சம் திறந்தே வையுங்க.

கடைசியா, கைக்குழந்தை இருக்கிற வீடு. பச்சைக் குழந்தைக்குக் குளிருதான்னு தெரிய உங்க கையே போதும். வயிறும் பாதமும் வெதுவெதுப்பா இருந்தா சரி. வயிறு சூடா, பாதம் சில்லுன்னு இருந்தா குளிர் பிடிக்குதுன்னு அர்த்தம். உடனே அம்மா நெஞ்சோட நெஞ்சா அணைச்சு, மேல போர்த்திக்கணும். எடை குறைவான குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரியில் சொல்லித் தர்ற கங்காரு பராமரிப்பு இதுதான். இதைவிடப் பாதுகாப்பான ஹீட்டர் எந்தக் கடையிலும் இல்லை, காசும் கிடையாது. வயிறும் பாதமும் ரெண்டுமே சில்லுன்னு இருந்தா காத்திருக்காதீங்க, அணைச்சபடியே ஆஸ்பத்திரிக்குப் போங்க. குளிப்பாட்டினதும் சாம்பிராணிப் புகை காட்டுறதைத் தவிருங்க, பிஞ்சு நுரையீரலுக்கு அது ஆகாது. மூஞ்சியை மூடிப் போர்த்தவும் வேண்டாம்.

இந்த எண்களை இப்பவே போனில் சேமிச்சுக்கோங்க. யாருக்காவது மூச்சுத் திணறல், மயக்கம்னா கதவு ஜன்னலைத் திறந்து ஆளை வெளியே கொண்டுவந்துட்டு 108-க்கு அழையுங்க. உடல்நல ஆலோசனைக்கு 104. கேஸ் கசிவுக்கு 1906. மின்சாரப் புகாருக்கு மின்னகம் 94987 94987.

அப்போ எதை முதல்ல வாங்கலாம்? முதல்ல ஒண்ணும் வாங்க வேண்டாம், சாக்கையும் பழைய போர்வையையும் எடுங்க. போதலைன்னா ஒரு போர்வை, ஒரு ஜோடி சாக்ஸ். அதுவும் போதாதவங்களுக்கு மின் போர்வை. ரூம் ஹீட்டர் கடைசி. கரிச்சட்டி எப்பவுமே வேண்டாம்.

கேள்வி இருந்தா கேளுங்க.