கையில் கட்டிப் பார்க்க முடியாத பிரஷர்



நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். என் அண்ணனுக்கு நேர்ந்ததால் இதைக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன்.

அண்ணன் மது தொட்டதே இல்லை. சர்க்கரை நோயோடு கொழுப்பும் சேர்ந்து கல்லீரல் சுருங்கிவிட்டது. டாக்டர் கார்வெடிலால் மாத்திரை எழுதினார். "இது பிரஷர் மாத்திரையாச்சே, எனக்குத்தான் பிரஷரே இல்லையே!" என்று அண்ணன் தானாகவே நிறுத்திவிட்டார். மூன்றாவது மாதம் ரத்த வாந்தி. எண்டோஸ்கோப்பி வழியாக ரப்பர் வளையம் போட்டுக் காப்பாற்றினார்கள்.

அந்த மாத்திரை வேறொரு பிரஷருக்கு. குடல், மண்ணீரல் ரத்தமெல்லாம் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரலுக்குள் நுழையும் இடத்துக்கும் வெளியேறும் இடத்துக்கும் உள்ள அழுத்த வித்தியாசம் சாதாரணமாக 5 மி.மீ.க்குள் இருக்கும். 10ஐ எட்டினால் உணவுக்குழாய்ச் சிரைகள் புடைக்கலாம். 12ஐ எட்டினால் வெடிக்கும் அபாயம். கையில் கட்டும் கருவி இதைக் காட்டாது.

தழும்பு மட்டும்தான் ரத்தத்தைத் தடுக்கிறது என்று நினைத்திருந்தேன். ரசாயனச் செய்திகளுக்கும் பங்கு உண்டாம். எண்டோதீலின் "இறுக்கு" என்கிறது. நைட்ரிக் ஆக்சைடு "தளர்த்து" என்கிறது. நோயுற்ற கல்லீரலில் முதலாவது கூடுகிறது, இரண்டாவது குறைகிறது. நுண்குழாய்களைச் சுற்றியுள்ள செல்கள் இறுகுகின்றன. தடையில் ஏறக்குறைய கால் பங்கு இந்த இறுக்கத்தால் வருவது.

வேடிக்கை என்னவென்றால், குடல் பக்கத்தில் அதே நைட்ரிக் ஆக்சைடு அதிகமாகிறது. அங்கே குழாய்கள் விரிந்து இன்னும் ரத்தம் வருகிறது. பென்ஷன் நாளில் பாதி கவுன்டரை மூடிவிட்டு, வாசல் கதவை அகலத் திறந்துவிட்ட கதைதான்!

தழும்பை மாத்திரை உடனே கரைக்காது. ஆனால் இறுக்கத்தைத் தளர்த்தலாம், வரும் ரத்தத்தையும் குறைக்கலாம். கார்வெடிலால் இரண்டையும் செய்கிறது.

ஆகவே உங்களை வேண்டிக் கேட்பது இதுதான். கல்லீரல் டாக்டர் தந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். தலைசுற்றல் வந்தால் அவரிடமே கேளுங்கள். ரத்த வாந்தியோ, தார் போல் கறுத்த மலமோ கண்டால், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அண்ணன் இப்போது தவறாமல் மாத்திரை போடுகிறார்.