வேர்முடிச்சும் மரபும்
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஏரியின் பெயரால் அறியப்படும் செம்பரம்பாக்கத்தில் கூடியிருக்கிறோம். நீரைப் பற்றி நம் கவிஞர்கள் நிறையவே பாடிவிட்டார்கள். அந்நீர் பாய்ந்த மண்ணுக்குள் நிகழ்வதைப் பாடியவர் சிலரே. ஆகவே எனக்கு அளிக்கப்பட்ட இந்த அரைமணி நேரத்தை நிலக்கடலைச் செடியின் வேருக்கு ஒதுக்க விரும்புகிறேன். தாவரவியலை முறையாகக் கற்ற அன்பர்கள் பொறுத்தருள்க.

முதலில் ஒரு சொல்லிலிருந்து தொடங்குவோம். நைட்ரஜனுக்கு வேளாண்மைத் தமிழில் தழைச்சத்து என்று பெயர். தழையை வளர்க்கும் சத்து என்பது பொருள். தழையை மிதித்துச் சேற்றில் புதைத்துப் பெற்ற சத்து என்றும் கொள்ளலாம். கொளுஞ்சியும் சணப்பையும் தக்கைப்பூண்டும் வயலுக்கு உணவாக இருந்த காலத்தை அச்சொல் நமக்கு நினைவூட்டுகிறது. இம்மூன்றுமே அவரைக் குடும்பத்துச் செடிகள் என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.

புறநானூற்றின் 335ஆம் பாடலில் மாங்குடி கிழார் நான்கு உணவுகளைச் சிறப்பித்துக் கூறுகிறார். வரகும் தினையும் தானியங்கள். கொள்ளும் அவரையும் பயறு வகைகள். இரண்டுக்கு இரண்டு! தானியம் மண்ணிலிருந்து எடுக்கும். பயறு மண்ணை அந்த அளவுக்கு வருத்தாது, பல வேளைகளில் மண்ணுக்கு மிச்சமும் வைத்துச் செல்லும். புலவர் இதை எண்ணிப் பாடினார் என்று நான் வாதிட வரவில்லை. அப்படி உண்டு வாழ்ந்த ஒரு நிலத்தை அவர் கண்டிருந்தார் என்பது போதும்.

பயறு எங்ஙனம் மிச்சம் வைக்கிறது? காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜனே. ஆயினும் அதன் இரண்டு அணுக்களும் மிக வலுவாகப் பிணைந்திருப்பதால் எந்தச் செடியாலும் அதனை நேரே உண்ண முடியாது. அப்பிணைப்பை உடைக்க மனிதன் கண்ட வழி, ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஹேபர் 1909இல் செய்து காட்டி, கார்ல் போஷ் 1913இல் ஆலையாக எழுப்பிய வழி. 400 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பமும், காற்றழுத்தத்தைப் போல் 200 மடங்கு அளவிலான அழுத்தமும் அதற்கு வேண்டும். நமக்கு அருகே மணலியில் 1971இல் உற்பத்தியைத் தொடங்கிய உரத் தொழிற்சாலை அவ்வழியில் வந்ததே.

அதே வேலையைக் கடலையின் வேரிலுள்ள முடிச்சு, நம் கொல்லை மண்ணின் வெப்பத்தில், ஓசையின்றிச் செய்கிறது. செய்வது செடியன்று, முடிச்சுக்குள் குடியிருக்கும் ரைசோபியம் இனத்து நுண்ணுயிர். வேர்முடிச்சுக்கும் காற்று நைட்ரஜனுக்கும் உள்ள தொடர்பை ஜெர்மானியர்களான ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் 1888ஆம் ஆண்டு நிறுவினார்கள். நல்ல முடிச்சொன்றை நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நம் குருதியின் செந்நிறப் பொருளுக்கு உறவான ஒன்று அங்கே உயிர்வளியைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கிறது. ஏனெனில் நைட்ரஜனை உடைக்கும் நொதி, மிகுந்த உயிர்வளி பட்டால் அழிந்துவிடும்.

இந்த உறவு ஓர் உரையாடலில் தொடங்குகிறது. தழைச்சத்து போதாத செடி, தன் வேரிலிருந்து ஃபிளேவனாய்டு எனும் பொருளை மண்ணில் கசியவிடுகிறது. அதை உணர்ந்த நுண்ணுயிர், மறுமொழியாக வேறொரு பொருளைச் சுரக்கிறது. இந்த மறுமொழியின் வேதிக் கட்டமைப்பைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1990இல் கண்டறிந்தார்கள். அதைக் கேட்கும் செவிகள் போன்ற புரதங்களைச் செடியின் பக்கத்தில் 2003இல் அடையாளம் கண்டார்கள். இனத்துக்கு இனம் மொழி வேறு. சோயா மொச்சைக்கு உகந்த நுண்ணுயிர் கொண்டைக்கடலையின் வேரில் குடியேறாது. பல பயறுச் செடிகளில் வேர்த்தூவி வளைந்து விருந்தினரை உள்ளே அழைத்துச் செல்லும். கடலையிலோ, பக்கவேர் பிளந்து வெளிவரும் இடத்து இடுக்கின் வழியாக அது நுழைகிறது.

கவிஞர்களாகிய உங்களுக்கு இதை நட்பு என்றோ காதல் என்றோ அழைக்கத் தோன்றும். அழைக்கலாம், ஆனால் கண்டிப்பும் கணக்கும் உள்ள நட்பு இது. நுண்ணுயிருக்கு வேண்டிய மாவுச்சத்தைச் செடிதான் இலையிலிருந்து இறக்கித் தருகிறது, அது மலிவான செலவன்று. சோயா மொச்சையின் சில முடிச்சுகளைச் சூழ்ந்த காற்றில் நைட்ரஜனை நீக்கிவிட்டு, 2003இல் ஓர் ஆய்வு நடந்தது. உழைக்க வழியற்றுப் போன அம்முடிச்சுகளில் நுண்ணுயிர்ப் பெருக்கம் குறைந்தது. செடி அவற்றுக்கு உயிர்வளியைச் சுருக்கியிருந்தது. அது மட்டுமன்று. மண்ணில் யூரியா தாராளமாகக் கிடைத்தால், செடி முடிச்சு வைப்பதையே குறைத்துக்கொள்ளும். கையில் வந்து விழுவதற்காக எவரும் உழைப்பதில்லை என்பது வேருக்கும் தெரிந்திருக்கிறது.

இனி நான் சொல்ல வந்த செய்தி. ஐதராபாத்தை அடுத்த பட்டான்சேருவில் இக்ரிசாட் எனும் பன்னாட்டுப் பயிராராய்ச்சி நிறுவனம் 1972இல் நிறுவப்பட்டது. அங்கே நிலக்கடலை இரகங்களை ஒன்றோடொன்று கலந்து இனப்பெருக்கம் செய்துகொண்டிருந்தபோது ஒரு விந்தை வெளிப்பட்டது. 1980இல் அது அச்சேறியது. முடிச்சுடைய ஒரு தாய். முடிச்சுடைய ஒரு தந்தை. முதல் தலைமுறைப் பிள்ளைகள் அனைவரும் முடிச்சுடையோர். பேரப்பிள்ளைகளில் மட்டும் ஏறக்குறைய 16 செடிகளுக்கு 1 செடி வேரில் முடிச்சே இன்றி, மஞ்சள் பூத்து நின்றது. பெற்றோர் இருவரிடமும் காணாத குறை பேரனுக்கு எங்கிருந்து வந்தது?

விடை நிலக்கடலையின் பிறப்பிலேயே இருக்கிறது. தென்னமெரிக்காவில், 20 குரோமோசோம்கள் கொண்ட இரண்டு காட்டினங்கள் கலந்ததால் 40 குரோமோசோம்களோடு உண்டான பயிர் அது. இரண்டு முன்னோரிடமிருந்தும் முடிச்சுக்குரிய மரபணு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. ஒன்று பழுதானாலும் மற்றொன்று வேலையை முடித்துவிடும். அந்தத் தாயிடம் ஒரு பக்கத்து மரபணு ஏற்கெனவே பழுது. தந்தையிடம் மறு பக்கத்தது பழுது. இருவரும் பசுமையாகவே நின்றார்கள். இழப்பு அவர்களுக்குள் மறைந்திருந்தது. இரண்டு பழுதும் ஒரே செடியில் சேர்ந்தபோதுதான் அது மஞ்சளாகக் கண்ணுக்குத் தெரிந்தது.

இன்னொன்றும் கேளுங்கள். அந்த மஞ்சள் செடிக்குத் தழைச்சத்து உரத்தை அள்ளி இட்டால் அதுவும் பச்சை பிடித்துவிடும். உரம் நிறைந்த வயலில், உறவை அறிந்த செடியையும் மறந்த செடியையும் மேலே நின்று பார்ப்பவரால் பிரித்தறிவது கடினம். அந்தச் செடியை விஞ்ஞானிகள் வீணென்று எறிந்துவிடவில்லை. முடிச்சுள்ள கடலை காற்றிலிருந்து எவ்வளவு ஈட்டுகிறது என்று அளக்க, முடிச்சில்லாச் செடியை அருகில் விதைத்து ஒப்பிட்டார்கள். இல்லாமையே அளவுகோலாயிற்று.

அன்பர்களே, இந்தக் கதையை நம் ஏரிக்கரையில் நின்று எண்ணிப் பார்க்கிறேன். இந்த ஏரி கட்டப்பட்டது பாசனத்துக்காக. நவரை, சொர்ணவாரி, சம்பா என்று நம் வட்டாரம் பருவங்களுக்குப் பெயரிட்டிருந்தது. பின்னர் இந்நீர் சென்னை மாநகரின் தாகத்துக்கென ஒதுங்கியது. நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் தூய்மைப்படுத்தும் நிலையம் 2007இல் இங்கே இயங்கத் தொடங்கியது. மாநகர் குடிப்பதை நான் குறை கூறவில்லை. வயல் மனையானதையும் இந்த மேடையில் புலம்பப் போவதில்லை. என் கவலை வேறு. தழையுரம் நின்றபோது நமக்கு அது தெரியவில்லை, ஏனெனில் மூட்டை உரம் வந்து பயிரைப் பச்சையாகவே வைத்திருந்தது. வயல் நின்றபோது பலருக்கு அது தெரியவில்லை, ஏனெனில் அரிசி வேறெங்கிருந்தோ வந்து பானையை நிறைத்துவிட்டது. ஒவ்வொரு இழப்பையும் ஒரு மிகுதி மூடிவிட்டது. நாம் முதல் தலைமுறைப் பிள்ளைகள் போல் பசுமையாக நிற்கிறோம். பேரப்பிள்ளைகளின் நிறம் என்ன என்பதே கேள்வி.

மரபா, புதுமையா என்று நம் வட்டத்தில் அடிக்கடி சொற்போர் நடக்கும். நிலக்கடலை அதற்கு ஒரு விடை சொல்கிறது. அது பழைய செடியன்று. கடந்த 10,000 ஆண்டுகளுக்குள் கலப்பில் பிறந்தது என்பதே மரபணு ஆய்வின் முடிவு. நம் மண்ணுக்கும் அது கடல் கடந்து வந்த விருந்துதான். ஆனாலும் வந்த இடத்து மண்ணில் தனக்குரிய நுண்ணுயிரைக் கண்டு பேசி, குடியேறியது. கலப்பினால் அது வலிமை இழக்கவில்லை. இரண்டு வழி மரபு கிட்டியதால் ஒரு வழி அடைபட்டபோதும் பிழைத்தது.

முடிவாக ஒரு வேண்டுகோள். கொளுஞ்சி எது, சணப்பை எது என்று செடியைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் தழைகளின் பெயர்களையும், எந்த மாதத்தில் எதை மடக்கி உழுதார்கள் என்பதையும், அதற்கு அவர்கள் வழங்கிய சொற்களையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த மலரில் நான்கு பக்கம் அதற்கு ஒதுக்குவோம். மண்ணைப் பாட விரும்பும் இளங்கவிஞர் ஒருவருக்கு அது விதைமுதலாக அமையும்.