கடைசி வண்டியின் வேகம்

(நமது சபையின் குடும்ப சங்கமத்தில் இளைஞர்களுக்காகவும் பெற்றோர்களுக்காகவும் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த மேடையில் உபன்யாஸமோ, கச்சேரியோ, சர்க்கரை வியாதியைப் பற்றி ஒரு டாக்டரின் பேச்சோ இருக்கும். இன்றைக்கு மோட்டார் சைக்கிள். காரணம் உங்களுக்குத் தெரியும். நம் சபைக் குடும்பங்களைச் சேர்ந்த ஆறு பையன்களும் இரண்டு பெண்களும் வருகிற ஜூன் மாதம் மோட்டார் சைக்கிளில் லடாக் போவதாக இருக்கிறார்கள். நாலு வீட்டில் சம்மதம் கிடைத்துவிட்டது. மற்ற நாலு வீட்டில் சமையலறை வாசலில் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது. 2022 செப்டம்பரில் கொச்சியிலிருந்து பத்துப் பேராகப் போய் வந்தவன் என்பதால் என்னைப் பேசச் சொன்னார் காரியதரிசி. "போகலாம் என்றும் சொல்லிவிடாதீர்கள், போகக்கூடாது என்றும் சொல்லிவிடாதீர்கள்" என்று ஒரு நிபந்தனையும் போட்டார். முடிந்தவரை காப்பாற்றுகிறேன்.

நான் கிளம்பும்போது எங்கள் தெரு மாமி ஒருவர் கேட்டார்: "ஏண்டாப்பா, ரயில் இருக்கு, ஏரோப்ளேன் இருக்கு, இந்த வயசிலே மோட்டார் சைக்கிள்ல போகணும்னு என்ன தலையெழுத்து?" நியாயமான கேள்விதான். ஆனால் கூட்டமாகக் கிளம்பி தூர தேசம் போவது நமக்குப் புதிதல்ல. தஞ்சாவூரிலிருந்தும் மதுரை, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்தும் நம் முன்னோர்கள் மலை தாண்டித்தான் கேரளத்துக்கு வந்தார்கள். ரயில் வருவதற்கு முன்னால் காசிக்குப் போனவர்களும் துணை சேர்த்துக்கொண்டுதான் போனார்கள். வழியில் ஒருவருக்கு முடியவில்லை என்றால் பார்த்துக்கொள்ள இன்னொருவர் வேண்டும் என்பதற்காகத்தான் அந்தத் துணை. நான் இன்று சொல்ல வந்ததும் அந்த ஒரு விஷயம்தான்.

முதலில் உயரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மட்டாஞ்சேரியில் நாம் இருப்பது கடல் மட்டத்தில். வேலியேற்றம் வந்தால் வாசலில் தண்ணீர் நிற்கிறது. தென்னிந்தியாவிலேயே உயரமான சிகரம் நம் ஆனைமுடி, 2,695 மீட்டர். லே நகரமோ ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதாவது, லேயில் ஹோட்டல் அறையில் படுத்துத் தூங்குகிறவன் ஆனைமுடிக்கு மேலே இன்னும் 800 மீட்டர் உயரத்தில் தூங்குகிறான். அங்கிருந்து 39 கிலோமீட்டரில் கர்துங் லா கணவாய், ஏறத்தாழ 5,360 மீட்டர். மணாலி சாலையில் உள்ள தங்லங் லாவும் 5,300 மீட்டருக்கு மேல். அந்த உயரத்தில் காற்றழுத்தம் இங்கே இருப்பதில் பாதிதான். ஒவ்வொரு மூச்சிலும் பாதி பிராணவாயு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாமிகளுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். 4,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். பானை தளதளவென்று கொதிக்கும், அரிசி வேகாது. குக்கர் இல்லாமல் அங்கே சாதம் கிடையாது. எஞ்சினுக்கும் இதே கஷ்டம். காற்று போதாமல் இழுவை குறையும். பழைய கார்புரேட்டர் வண்டிகள் புகை கக்கி நின்றுவிடும். 2020-க்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டிகளில் பெட்ரோல் அளவைத் தானே சரிசெய்துகொள்ளும் அமைப்பு இருக்கிறது. ஆனாலும் சக்தி குறையத்தான் செய்யும்.

மனிதனுக்கு வருவதுதான் மலை நோய். முதலில் தலைவலி, பசியின்மை, குமட்டல், தூக்கமின்மை. இத்தோடு நின்றால் ஓய்வெடுத்தால் போய்விடும். கவனிக்காமல் மேலே ஏறினால் நுரையீரலில் நீர் கோக்கும், அல்லது மூளை வீங்கும். இரண்டும் உயிரைக் குடிக்கக்கூடியவை. வயதும் தேகப்பயிற்சியும் இதற்குக் கவசம் அல்ல என்பதை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஜிம்முக்குப் போகிற பையனுக்கும் வரும். வேகமாக ஏறுவதுதான் முக்கிய காரணம். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, ராத்திரி படுக்கிற இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது டாக்டர்கள் சொல்லும் கணக்கு.

இந்தக் கணக்கை வைத்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். லேக்குப் போக இரண்டு பிரதான சாலைகள். மணாலி வழி பெயர் பெற்றது. 2020 அக்டோபரில் திறந்த 9 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதையால் ரோஹ்தாங் ஏற்றமும் மிச்சம். ஆனால் 2,000 மீட்டரில் உள்ள மணாலியிலிருந்து கிளம்பி, சர்ச்சு கூடாரத்தில் படுக்கும்போது 4,200 மீட்டருக்கு மேல் வந்திருப்போம். உடம்பு பழக நேரமே இல்லை. ஸ்ரீநகர் வழியில் ஸோஜி லா 3,528 மீட்டர், ஃபோட்டு லா 4,108 மீட்டர். நடுவில் ராத்தங்கும் கார்கில் 2,700 மீட்டருக்கும் குறைவு. ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போகிற வழி. அதனால் ஸ்ரீநகர் வழியாகப் போய், உடம்பு பழகிய பிறகு மணாலி வழியாகத் திரும்புவது உசிதம். புறப்படும் முன் சாலை நிலவரத்தையும் பாதுகாப்பு நிலவரத்தையும் அரசாங்க அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் அப்படித்தான் போனோம். வண்டிகளை எர்ணாகுளத்திலிருந்து மங்களா எக்ஸ்பிரஸில் பார்சல் போட்டு டில்லியில் எடுத்துக்கொண்டோம். பெட்ரோலைச் சுத்தமாக வடித்துவிட்டு, சாக்கு சுற்றிக் கட்டித்தான் ரயிலில் ஏற்றுவார்கள். லேயில் முழுதாக இரண்டு நாள் ஓய்வு. அடுத்த நாள் கர்துங் லா. எட்டு வண்டி, பத்துப் பேர்.

இப்போது சொல்லப்போவது, எங்கள் குழுவில் இருந்த ஒரு பையனைப் பற்றி. அவனுடைய அம்மா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவர்கள் இருவர் அனுமதியோடுதான் சொல்கிறேன். அவனுக்கு அப்போது வயது 24. நல்ல ஓட்டுக்காரன். அன்று காலை டிபனில் பாதியை ஒதுக்கிவைத்தான். யாருக்கும் அது பெரிதாகத் தோன்றவில்லை. எங்கள் கடைசி வண்டியை ஓட்டியவள் காக்கநாட்டில் வேலை பார்க்கும் ஒரு பெண். கடைசி வண்டிக்காரருக்கு எங்கள் குழுவில் ஒரு பொறுப்பு உண்டு. முன்னால் போகிற எல்லோரையும் கவனிப்பதுதான் அவர் வேலை. வளைவுகளில் இவன் கியர் மாற்றத் தடுமாறுவதை அவள் பார்த்துக்கொண்டே வந்தாள். லேயிலிருந்து 24 கிலோமீட்டரில் சவுத் புல்லு சோதனைச் சாவடி. அங்கே நின்றபோது அவனால் ஹெல்மெட் வாரை மாட்ட முடியவில்லை. கேட்டால், "ஒண்ணுமில்லை, ராத்திரி தூக்கம் போறலை" என்றான்.

அவள் விடவில்லை. ஒரு குதிகால் மறு காலின் கட்டைவிரலைத் தொடுகிற மாதிரி அடிமேல் அடி வைத்து, நேர்கோட்டில் நடக்கச் சொன்னாள். கிளம்பும் முன் கொச்சியில் ஒரு டாக்டர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பரீட்சை அது. நாலாவது அடியில் தள்ளாடினான். மூளையைத் தொட்டுவிட்டது என்பதற்கு அது அடையாளம். அந்த நிலையில் முதல் மருந்து கீழே இறங்குவது. "உட்கார்ந்து டீ குடிச்சா சரியாயிடும்" என்று சொல்லவே கூடாது.

கணவாய் இன்னும் 15 கிலோமீட்டர். எல்லோரும் வருஷக்கணக்காகக் காசு சேர்த்து, லீவு சேர்த்து வந்தது அந்தப் பலகைக்கு முன்னால் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள. "இரண்டு பேர் அவனோடு இறங்கட்டும், மற்றவர்கள் போய்விட்டு வரலாமே" என்று ஒரு குரல் எழுந்தது. தவறான எண்ணம் என்று அதைச் சொல்ல மாட்டேன், மனித சுபாவம். ஆனால் கொச்சியிலேயே நாங்கள் பேசி முடிவு செய்திருந்தோம்: ஒருவர் இறங்கினால் எல்லோரும் இறங்குவது. அவனை லே போகும் டாக்ஸியில் ஏற்றி, பின்னால் நாங்கள் எல்லோரும் இறங்கினோம். ஆஸ்பத்திரியில் பிராணவாயு கொடுத்து ஒரு ராத்திரி வைத்துக்கொண்டார்கள். மறுநாள் ரசம் சாதம் கேட்டான். தால் சாவல்தான் கிடைத்தது! இனி உயரம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னதால் ஒரு நண்பன் துணையோடு விமானத்தில் ஊர் திரும்பினான். எங்கள் லீவும் முடிந்துவிட்டது. கர்துங் லாவை நாங்கள் பார்க்கவில்லை.

அவன் அம்மாவிடம் அன்று சாயங்காலம் போனில் பேசினேன். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "எல்லாருமா திரும்பினேளா?" "ஆமாம்" என்றேன். "அப்போ அவன் மனசும் ஒடியாது" என்றார். அதுவரை எனக்கு அது தோன்றவில்லை. தன்னால் மற்றவர்களின் யாத்திரை கெட்டது என்று நினைக்கிற பையன்தான் தலைவலியை மறைக்கிறான். எல்லோரும் திரும்புவது முன்கூட்டியே விதியாக இருந்தால் அவன் வாயைத் திறப்பான். வெட்கம்தான் இதில் பெரிய வியாதி. நம் கல்யாணங்களில் காசி யாத்திரைக்குக் குடையும் தடியுமாகக் கிளம்புகிற மாப்பிள்ளை திரும்பி வருகிறாரே, அதை யாராவது அவமானம் என்று சொல்கிறோமா? மேளம் கொட்டி அழைத்து வருகிறோம்!

கிளம்பப்போகிற குழந்தைகள் குறித்துக்கொள்ள வேண்டியவை சில. அனுபவம் குறைந்தவரை முன்னோடி வண்டிக்கு அடுத்தபடியாக வையுங்கள். நல்ல அனுபவசாலி கடைசியில் வரட்டும். கடைசி வண்டியின் வேகம்தான் குழுவின் வேகம். ஒவ்வொருவரும் கண்ணாடியில் பின்னால் வருகிறவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சாலை பிரிகிற இடத்தில் அவர் வரும்வரை நிற்க வேண்டும். மலைச் சாலையில் ஏறி வருகிற வண்டிக்கு வழிவிடுவது இறங்குகிறவர் கடமை. இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு உருளாதீர்கள். சின்ன கியரில் எஞ்சின் பிடிப்போடு இறங்குங்கள். பனி உருகி சாலையின் குறுக்கே ஓடும் நீரோடைகள் மத்தியானத்துக்கு மேல் பெருகும். காலையிலேயே தாண்டிவிடுங்கள். மணாலி வழியில் லே வட்டாரத்துக்கும் கேலாங் பகுதிக்கும் நடுவில் 350 கிலோமீட்டர் தூரம் பெட்ரோல் கிடைக்காது என்று கணக்கு வைத்துக்கொண்டு கிளம்புங்கள். மலை நோய்க்கு மாத்திரை உண்டு. டாக்டரைக் கேட்காமல் எடுக்காதீர்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைச் சொல்லிவிடுங்கள். ஹெல்மெட் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு, பின்னால் உட்காருகிறவருக்கும் சேர்த்து. சட்டமும் அதுதான்.

அதற்கு முன் ஒரு பயிற்சி யாத்திரை போங்கள். இங்கிருந்து நேர்யமங்கலம் வழியாக மூணாறு, அங்கிருந்து போடிமெட்டு. போடி பக்கம் இறங்க 17 கொண்டை ஊசி வளைவுகள். பிறகு தேனி, குமுளி, முண்டக்கயம், கோட்டயம் வழியாகத் திரும்பலாம். சனி, ஞாயிறு இரண்டு நாள் போதும். நாம் இன்று போகிற மூணாறு சாலையே ஒரு பாடம். ஆலுவாயிலிருந்து மாங்குளம் வழியாகப் போன பழைய சாலையை 1924 வெள்ளம், நம் பெரியவர்கள் சொல்லும் தொண்ணூற்றொன்பதாம் வருஷ வெள்ளம், அடித்துக்கொண்டு போய்விட்டது. மூணாறில் ஓடிய சின்ன ரயிலும் அதோடு போயிற்று. மலையிடம் பிடிவாதம் பிடிக்க முடியாமல் வேறு பக்கமாகச் சாலை போட்டார்கள். அந்தப் பயிற்சியில் யார் மற்றவருக்காக நிற்கிறார், யார் நிற்காமல் பறக்கிறார் என்பது தெரிந்துவிடும். நிற்காதவரை லடாக்குக்கு அழைத்துப் போகாதீர்கள், எவ்வளவு சாமர்த்தியசாலியாக இருந்தாலும்.

கடைசியாகப் பெற்றோர்களுக்கு. அந்தச் சாலைகளில் பல மணி நேரம் போன் எடுக்காது. போன் வரவில்லை என்றால் ஆபத்து என்று அர்த்தம் இல்லை. ராத்திரி தங்கும் இடத்திலிருந்து குழுவில் ஒருவர் ஒரு வீட்டுக்குத் தகவல் சொல்வது, அந்த வீடு மற்ற வீடுகளுக்குச் சொல்வது என்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அவலும் புளிக்காய்ச்சலும் ஊறுகாயும் கொடுத்தனுப்புங்கள், பாரம் பார்த்து. கூடவே ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்புங்கள்: "பாதியில் திரும்பி வந்தாலும் யாரும் ஒண்ணும் கேட்க மாட்டோம்." சம்மதத்தோடு இந்த வார்த்தையையும் கொடுக்க முடிந்தால், தாராளமாகச் சம்மதம் கொடுங்கள். காரியதரிசி மன்னிக்க வேண்டும், அவர் போட்ட நிபந்தனையை மீறிவிட்டேன்.