ஆட்டத்தாளில் நம் கையெழுத்து

(வைகை அணையில் நடைபெற்ற நம் கல்விச் சங்க வெள்ளிவிழாவில் ஆற்றிய உரை)



கல்வியைப் பற்றிப் பேசும் மேடையில் சதுரங்கத்தைப் பற்றிப் பேசுமாறு எங்களைப் பணித்திருக்கிறீர்கள். நாங்கள் பட்டம் பெற்ற ஆட்டக்காரர்கள் அல்லோம். ஞாயிறுதோறும் பலகை விரிக்கிறவர்கள். விடுமுறை நாட்களில் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிப் போட்டிகளுக்கு அழைத்துச் சென்று, நாங்களும் ஆடிவிட்டு, இரவுப் பேருந்தில் ஆண்டிபட்டி வந்து இறங்குகிறவர்கள். அந்தப் போக்குவரத்தில் கண்டவற்றையே சொல்ல வந்திருக்கிறோம்.

காய் நகர்த்தும் ஆட்டம் நமக்குப் புதியதன்று. நம் பாட்டன்மார் ஆடு புலி ஆட்டத்தில் வல்லவர்கள். கோயில் மண்டபத் தரைகளில் அந்த ஆட்டத்தின் கட்டங்கள் செதுக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். அந்தத் தரையில் உட்கார நம்மவர்க்கு உரிமை இருந்ததில்லை. களத்து மேட்டில் கரித்துண்டால் கோடு கிழித்து, கூழாங்கல்லை ஆடாகவும் புளியங்கொட்டையைப் புலியாகவும் வைத்து ஆடினார்கள். அறிவு இருந்தது, ஆட்டம் இருந்தது, உட்கார இடந்தான் இல்லை.

சதுரங்கப் போட்டியின் சட்டங்களில் எங்களை முதலில் ஈர்த்தது தொடுதலைப் பற்றிய சட்டமே. தன் முறையில் ஒரு காயைத் தொட்டவர் அதை நகர்த்தியே ஆக வேண்டும். எதிராளியின் காயைத் தொட்டால், வெட்ட வழியிருக்கும்வரை, அதை வெட்டியே ஆக வேண்டும். இரட்டைக் குவளை வைத்த தேநீர்க் கடைகளைக் கண்ட பள்ளத்தாக்கு இது. அங்கிருந்து போன பிள்ளை, யார் வீட்டுப் பிள்ளையாயினும் எதிரில் அமர்ந்தவரோடு கைகுலுக்கி, அவர் தொட்ட யானையையும் குதிரையையும் தானும் தொட்டு ஆடுகிறது. தீட்டு என்று சொல்லி எழுந்து போனால் அவர் ஆட்டத்தை இழப்பார். கடிகாரம் அவருக்காகக் காத்திராது.

ஆனால் பலகையின் சமத்துவம் பலகையோடு நின்றுவிடுவதும் உண்டு. பல்வாங்கர் பாலு என்ற பந்து வீச்சாளரை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்தவர். 1911-இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தியவர். புனேயில் அவர் தொட்டு எறிந்த பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் வேளையில் அவருக்கு மட்டும் வெளியே மண்குவளை. போட்டி நடக்கும் இடங்களில் இன்று மண்குவளை இல்லை. ஆயினும் இரண்டு சுற்றுகளுக்கு இடையே, மரத்தடியில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது, எங்கள் பிள்ளைகளை மற்ற பெற்றோர் அன்பாகவே விசாரிப்பார்கள். "எந்த ஊர்?" என்பார்கள். வைகை அணை என்றதும் பூங்காவைப் பற்றிப் பேசுவார்கள். அடுத்த கேள்வி, "எந்தத் தெரு?" அந்தக் கேள்வியின் பொருள் இங்குள்ள யாருக்கும் விளக்க வேண்டியதன்று.

போட்டிகள் பெரும்பாலும் ஸ்விஸ் முறையில் நடக்கின்றன. முதல் சுற்றில் பட்டியலின் மேற்பாதியில் உள்ளவர் கீழ்ப்பாதியில் உள்ளவரோடு மோதுவார். தரப்புள்ளி இல்லாத எங்கள் பிள்ளைகள் கீழ்ப்பாதியில் இருப்பார்கள். ஆகவே காலையிலேயே ஒரு வல்லவரிடம் தோற்பது வழக்கமாகிவிட்டது. அதன்பின் தோற்றவர்கள் தங்களுக்குள் மோதுவார்கள். ஒரு தோல்வியோடு யாரையும் வீட்டுக்கு அனுப்பாத முறை இது. அத்தனை சுற்றும் ஆடலாம். கட்டணம் கட்டிப் போன ஏழைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேறில்லை என்பது எங்கள் கருத்து.

இனி, ஆட்டத்தாளுக்கு வருவோம். நெடுநேர ஆட்டங்களில் ஒவ்வொரு நகர்வையும் இருவரும் எழுத வேண்டும். கட்டங்களின் பெயர் ஆங்கில எழுத்தாலும் எண்ணாலும் ஆனது. ஏ முதல் ஹெச் வரை எட்டு எழுத்துகளைப் பலகையின் ஓரத்திலிருந்தே கற்றுக்கொண்ட பிள்ளைகள் எங்களிடம் உண்டு. தொடக்கத்தில் எழுதச் சலித்தார்கள். அணையின் நீர்மட்டத்தைக் காட்டி விளக்கினோம். 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. முழு அளவு 71. ஏட்டில் எழுதிய எண் சொன்னால் ஆற்றங்கரையே எழுந்து மேட்டுக்குப் போகிறது, வாய்ச்சொல்லுக்குப் போகுமா?

மதுரையில் ஒரு போட்டி. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தன்னைவிட மிகுந்த தரப்புள்ளி உடைய இளைஞரோடு ஆடிக்கொண்டிருந்தாள். அதே நிலை மூன்றாம் முறை வரப்போகிறது, ஆகவே ஆட்டம் சமன் என்று நடுவரிடம் கோரினாள். அவர் மறுத்தார். இரண்டு முறைதான் வந்தது, சிறுமி குழம்புகிறாள் என்றார். சுற்றி நின்ற பெரியவர்கள் அவர் பக்கமே பேசினார்கள். நடுவர் ஒன்றும் பேசாமல் இருவர் தாள்களையும் வாங்கினார். இளைஞரின் தாளில் இடையிடையே நகர்வுகள் விடுபட்டிருந்தன. மாணவியின் தாள் முதல் நகர்விலிருந்து ஒழுங்காக இருந்தது. அதை வைத்துத் தனிப் பலகையில் ஆட்டத்தை மீண்டும் நகர்த்திப் பார்த்தார்கள். அவள் சொன்னதே சரி. ஆளுக்கு அரைப் புள்ளி. விதிப்படி இருவரும் முடிவின் கீழ்க் கையெழுத்திட்டார்கள். அந்தப் பெண்ணின் தாய், கடன் பத்திரத்தில் கைநாட்டு வைத்தவர். இரவு நாங்கள் செய்தியைச் சொன்னபோது, "அரை என்றால் வெற்றியா, தோல்வியா?" என்று கேட்டார். வெற்றி என்றே சொன்னோம். கணக்குப் பார்ப்பவர்கள் எங்களை மன்னிப்பார்களாக.

திறமை இருந்தால் போதும், தானாக மேலே வரும் என்று சொல்வோர் உண்டு. அவர்களுக்குச் சுல்தான் கானை நினைவூட்டுகிறோம். பஞ்சாபில் பிறந்து, இந்திய முறைச் சதுரங்கத்தில் வளர்ந்தவர். சர் உமர் ஹயாத் கான் என்ற பெருநிலக்கிழாரின் ஆதரவில் 1929-இல் லண்டன் சென்றார். அந்த ஆண்டிலேயே பிரிட்டிஷ் சாம்பியன். 1932, 1933 ஆகிய ஆண்டுகளிலும் அவரே. முன்னாள் உலகச் சாம்பியன் காப்பபிளாங்காவையே ஹேஸ்டிங்ஸ் போட்டியில் வென்றார். 1933-இன் இறுதியில் புரவலர் நாடு திரும்பினார், இவரும் திரும்பினார். உலகப் போட்டிகளில் பின்னர் அவரைக் காணவில்லை. 1966-இல் மறைந்தார். கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் 2024-இல் வந்தது. புரவலரின் நிழலில் நின்ற ஆட்டம் புரவலரோடு போயிற்று.

இதற்கு எதிராக, 1972-இல் சென்னை சோவியத் பண்பாட்டு மையத்தில் தொடங்கிய தால் சதுரங்கக் கழகத்தைப் பாருங்கள். நம் நாட்டின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரோன் அதன் தூணாக இருந்தார். பள்ளிச் சிறுவனாக அங்கு வந்து ஆடிய விசுவநாதன் ஆனந்த், 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரானார். கழகம் என்றால் வேறொன்றுமில்லை: பூட்டாத ஓர் அறை, குறித்த கிழமை, தன்னைவிட வலிய எதிராளி.

2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலகச் சாம்பியனானார். நம் பிள்ளைகளும் கைதட்டினார்கள். குகேஷின் தந்தை மருத்துவர். மகனோடு பயணம் செய்வதற்காகத் தம் தொழிலையே ஒதுக்கி வைத்தவர். அந்தத் தந்தையை வணங்குகிறோம். ஆனால் களையெடுக்கப் போகும் நம் தாய் ஒருநாள் கூலியை ஒதுக்கி வைத்தால் அன்று அடுப்பு எரியாது. 2022 மே மாதம் தேனிக்கும், 2023 ஜூனில் போடிக்கும் அகலப்பாதை ரயில் வந்தபின் பயணம் எளிதாயிற்று. செலவு இருக்கத்தான் இருக்கிறது. நுழைவுக் கட்டணம், பயணச்சீட்டு, இரண்டு வேளைச் சோறு, தங்க இடம், பெண் பிள்ளைகளோடு துணைக்கு வர ஒரு பெண்மணி. பெண் பிள்ளைகள் பன்னிரண்டு வயதோடு ஆட்டத்தை விடுவது ஆசை குன்றியதால் அன்று, துணைக்கு ஆளில்லாததால்தான்.

ஆகவே சங்கத்திடம் நாங்கள் கேட்பவை சில. சனிக்கிழமை மாலையில் ஓர் அறை; அதன் சாவி எந்தத் தனி மனிதரிடமும் இராமல் சங்கத்திடமே இருக்கட்டும். ஆறு பலகை, ஆறு கடிகாரம். பயணத்துக்கென ஒரு தனி நிதி. துணைக்கு வரும் பெண்மணிக்கு அன்றைய கூலி. பரிசுக் கோப்பை எதுவும் இப்போது வேண்டா.

பிள்ளைகள் எழுதிய ஆட்டத்தாள்களைக் கட்டிவைத்து, வாயிலருகே மேசைமேல் வைத்திருக்கிறோம். நாங்கள் சொன்ன அரைப் புள்ளி ஆட்டம் மூன்றாவது கட்டில் இருக்கிறது. தேநீருக்குப் பின் பார்வையிடலாம்; பக்கத்தில் பலகையும் இருக்கிறது, விரும்புவோர் நகர்த்திப் பார்க்கலாம்.