ஸாலிஹான மூத்தம்மா



கல்முனையில் நான் படிப்பித்த உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி, கட்டுரையில் 'ஸாலிஹான மூத்தம்மா' என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் வெட்டி, 'நற்குணமுள்ள' என்று மேலே எழுதிவிட்டேன். கொப்பியோடு வந்து நின்றாள். "சேர், நேற்று நீங்க 'பேமஸான கவிஞர்' எண்டு சொன்னீங்களே, அது மட்டும் சரியா?"

எனக்குப் பதில் வரவில்லை.

அன்றிரவு அந்தப் 'பேமஸை'ப் பிரித்துப் பார்த்தேன். இலத்தீனில் 'ஃபாமா' என்றால் ஊர்ப்பேச்சு, புகழ். 'ஓசுஸ்' என்ற விகுதி சேர்ந்து 'ஃபாமோசுஸ்' ஆயிற்று, பேர்போனவன். (கெட்ட பேர் எடுத்தவனுக்கும் அதே சொல்தான்!) இலத்தீனின் பிள்ளைகளான போர்த்துக்கேயம், ஸ்பானியம், இத்தாலியம் மூன்றும் அவ்விகுதியை 'ஓசோ' என்று எழுதுகின்றன. பிரெஞ்சு அதை மேலும் குறுக்கி ஆங்கிலத்துக்குக் கொடுத்தது. 'பேமஸ்' என்பதன் வாலில் கிடக்கும் 'அஸ்' அந்த 'ஓசுஸ்'தான். ஆக, அது ஏற்கெனவே பெயரடை. அதன்மேல் நாம் 'ஆன' போடுகிறோம். அரபுச் சொல்லான 'ஸாலிஹ்' என்பதும் தானாகவே 'நல்ல' என்று நிற்கக்கூடியது. அதற்கும் 'ஆன' போட்டாள் என் மாணவி. இரண்டும் ஒரே இலக்கணம். ஒன்று ஆங்கிலம் என்பதால் என் காதுக்கு உறுத்தவில்லை, அவ்வளவுதான்.

1628இல் மட்டக்களப்பில் கோட்டை கட்டிய போர்த்துக்கேயர் கதிரை, அலுமாரி, சப்பாத்து, அலவாங்கு என்று எத்தனையோ பெயர்களை நம்மிடம் விட்டுப்போனார்கள். 'ஓசோ'வை மட்டும் நாம் வாங்கவில்லை. தேவைப்படவில்லை.

'ஓசோ'வைத் தனியே எடுத்துப் பேச முடியாது. அது இலத்தீனிலேயே வெறும் விகுதி. நமது 'ஆன' அப்படியல்ல. 'ஆகு' என்ற வினையின் பெயரெச்சம் அது. 'உள்ள', 'அற்ற' என்பனவும் எச்சங்களே. இலத்தீன் வழிமொழிகளிலும் முழுச்சொல் விகுதியானதுண்டு: மனத்தைக் குறித்த 'மென்தே' இன்று அங்கே வினையடை விகுதி. அதற்குள் மனம் இருப்பது பேசுவோர் பலருக்குத் தெரியாது. 'ஆன' என்பதில் வினை இன்னும் உயிரோடிருக்கிறது. 'ஸாலிஹான' என்றால் குணம்; 'மௌத்தான' என்றால் நடந்து முடிந்த செயல்.

மறுநாள் கொப்பியை வாங்கி, என் 'நற்குணமுள்ள'வை வெட்டினேன். அப்போதுதான் கட்டுரையின் கடைசிப் பந்தியை ஒழுங்காக வாசித்தேன். மூத்தம்மா மௌத்தான அன்று வீட்டில் நடந்ததை எழுதியிருந்தாள்.