சார்பும் முரணும்



லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு மென்பொருளை நிறுவ முற்படுகையில், “சார்புகள் நிறைவேறவில்லை” என்றோ, “முரண் உள்ளது” என்றோ அறிவிப்பு எழுவதுண்டு. இதனைக் கணினியின் பிடிவாதமெனக் கருதிச் சினங்கொள்வோர் பலர். உண்மையில் அது பிடிவாதமன்று, எச்சரிக்கையே ஆகும்.

1993-இல் அயன் மர்டாக் தொடங்கிய டெபியனை எடுத்துக்கொள்வோம். அதில் மென்பொருள்கள் பொதிகளாக வழங்கப்படுகின்றன. எழுத்துகளை வரைதல், படங்களை விரித்துக் காட்டுதல் போன்ற பொதுப்பணிகளை ஒவ்வொரு நிரலும் தனித்தனியே சுமப்பதில்லை. லைப்ரரி எனப்படும் பொது நிரலகங்கள் அவற்றைச் செய்கின்றன. வேற்றூரில் பலர் கூடி ஒரு வீட்டில் தங்கும்போது ஆளுக்கோர் அடுப்பா வைக்கிறோம்? ஒன்றே போதும். அதுபோலவே, நிரலகத்தில் ஒரு பாதுகாப்புக் குறை தென்படின் ஓரிடத்தில் திருத்தினாற் போதும். அதனைச் சார்ந்த நிரல்கள் அனைத்தும் பயன்பெறும். எந்தப் பொதிக்கு எவை தேவை, எந்தப் பதிப்பு தேவை என்பது அப்பொதியிலேயே எழுதப்பட்டிருக்கும். இதுவே சார்பு.

ஆனால் ஒரு பொதி நிரலகத்தின் புதிய பதிப்பை வேண்டுகிறது. மற்றொன்றோ பழையதையே வேண்டுகிறது. இரண்டும் ஒருங்கே தங்க வழியில்லாதபோது முரண் பிறக்கிறது. வெவ்வேறு களஞ்சியங்களிலிருந்து பொதிகளைக் கொணர்ந்து கலப்போர்க்கு இஃது அடிக்கடி நேரும்.

இம்முடிச்சை அவிழ்க்க முயல்வது ஆப்ட் என்னும் மேலாண்மை நிரல். சில வேளைகளில் ஏற்கெனவே உள்ள பொதிகளை நீக்கித்தான் அது வழி காண்கிறது. ஆபத்து இங்கேதான் உள்ளது. 2021-இல், பாப் ஓஎஸ் என்னும் லினக்ஸ் வகையில் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளை நிறுவ முயன்ற ஒருவரின் கணினியிலிருந்து, டெஸ்க்டாப் எனப்படும் திரைமுகப்பே அகன்றுவிட்டது. மூலகாரணம் களஞ்சியத்தில் இருந்த பிழையே. எனினும், நீங்கவிருப்பவற்றின் பட்டியலை ஆப்ட் முன்னரே காட்டியிருந்தது. “ஆம், நான் சொல்வதைச் செய்” என்று முழு வாக்கியத்தைத் தட்டச்சு செய்யும்படியும் கேட்டிருந்தது. அவ்வாண்டிலேயே ஆப்டின் கட்டுப்பாடு மேலும் இறுக்கப்பட்டது.

ஆதலின், அன்பர்களே, “நீக்கப்படும் பொதிகள்” என்ற தலைப்பின் கீழுள்ள பெயர்களை முதலில் படியுங்கள். ஐயமிருப்பின் “இல்லை” என்று விடையளியுங்கள், எதுவும் கெடாது. சிமுலேட் என்னும் கட்டளைச் சொல்லைச் சேர்த்தால், கணினியில் எம்மாற்றமும் செய்யாது ஒத்திகை மட்டும் காட்டும். ஒத்திகையில் திரைமுகப்போ, கருவின் பொதியோ நீங்குமெனக் கண்டால், அன்றைக்கு அம்முயற்சியை நிறுத்திவைப்பதே நன்று.